மருந்துக்கு அடங்காத கிருமிகள்: ஆஸ்பத்திரியிலும் வயலிலும் கவனிக்க வேண்டியவை

விவசாயப் பத்திரிகையில் ஆஸ்பத்திரி மருந்தைப் பற்றி எழுதுவானேன் என்று வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த குடியானவர்கள் சிலர் வினவக்கூடும். விதை, எரு, நீர்ப்பாய்ச்சல், பூச்சி இவையே நமக்கு உரிய விஷயங்கள் என்பது மெய்யே. ஆயினும், ஆன்டிபயாடிக் என்று வழங்கும் கிருமிக்கொல்லி மருந்துகளுள் பல வயல் மண்ணிலிருந்தே கண்டெடுக்கப்பட்டவை. அவற்றின் வலிமை நாளுக்கு நாள் குன்றி வருவதற்குக் காரணமானவர்களுள் ஆஸ்பத்திரிக்காரர்களும் மருந்துக் கடைக்காரர்களும் மட்டுமல்லாமல், பயிரிடுவோரும் மாடு வளர்ப்போரும், நான் வகிக்கும் உத்தியோகத்தைச் சேர்ந்தவர்களும் உளர். ஆகையால் இவ்விஷயத்தை நாம் அறிந்து கொள்வது அவசியமாகின்றது.

முதலில் இம்மருந்துகள் வந்த வழியைக் கூறுவோம். அமெரிக்க தேசத்தில் நியூ ஜெர்சி மாகாணத்து விவசாயக் கலாசாலையில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்து வந்தவர் ஸெல்மன் வாக்ஸ்மன் என்பவர். அவரிடம் மாணவராயிருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ், 1943ஆம் வருஷத்தில், நன்றாக எருவிட்ட வயலொன்றின் மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது சுரக்கும் பொருளே ஸ்ட்ரெப்டோமைசின். அதுவரையில் மருந்தேயில்லாதிருந்த க்ஷயரோகத்துக்கு முதல் மருந்து இவ்வாறு எரு மண்ணிலிருந்து கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து, மிஸௌரி சர்வகலாசாலையின் பழைய சோதனை வயலாகிய ஸான்பார்ன் வயலின் மண்ணிலிருந்து ஆரியோமைசின் கிடைத்தது; டெட்ராசைக்ளின் வகுப்பைச் சேர்ந்த மருந்துகளுள் இதுவே முதலாவது. அதைக் கண்டறிந்த கம்பெனியில் அக்காலத்தில் ஆராய்ச்சியை நடத்தி வந்தவர் நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம்மவர் பலர் அறியார்.

மண்ணில் ஒரு நுண்ணுயிர் இப்படிப்பட்ட விஷத்தைச் சுரப்பதற்குக் காரணம், பக்கத்திலுள்ள மற்ற நுண்ணுயிர்களோடு அது இடையறாது போட்டியிட்டு வாழ்வதேயாகும். அப்படியானால் பக்கத்திலுள்ளவையும் அவ்விஷத்தைத் தாங்கும் உபாயங்களை நெடுங்காலமாகவே தேடி வைத்திருக்க வேண்டுமல்லவா? உண்மையும் அதுவே. மருந்தைத் தாங்கும் குணம் மனிதன் மருந்து கண்டுபிடித்த பின்னர் தோன்றியதன்று. முன்னரே மண்ணில் உள்ளது. நாம் செய்தது அதைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கியது மட்டுமே.

இதை வயல் வழக்கைக் கொண்டே விளக்கலாம். நடவு வயலில் குதிரைவாலிப் புல் மண்டியிருக்கிறது, களைக்கொல்லி தெளிக்கிறோம். ஆயிரம் புல்லில் ஒன்றிரண்டு அம்மருந்தைத் தாங்கி நிற்கின்றன. மற்றவை மடிந்தமையால் நிற்பவற்றுக்கு இடமும் எருவும் நிறையக் கிடைக்கின்றன. அவை கதிர்விட்டு விதை உதிர்க்கின்றன. அடுத்த போகத்திலும் அதே மருந்தையே தெளித்தால் மிஞ்சுவது அவ்விதையின் சந்ததியே. சில போகங்களில் வயல் முழுவதும் மருந்துக்கு அடங்காத புல்லாகிவிடும். புகையான் பூச்சி இமிடாகுளோபிரிட் மருந்துக்கு அடங்காமற் போனதும் இவ்வகையிலேதான். மருந்தானது புல்லையோ பூச்சியையோ முரடாக்குவதில்லை. முரடானதை விதைக்கு நிறுத்தி வைக்கிறது. கிருமிகளின் விஷயத்தில் இதன் வேகம் மிக அதிகம். வசதியான இடத்தில் குடற்கிருமியொன்று சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். நமக்கு ஒரு போகம் 4 மாதம் என்றால் கிருமிக்கு ஒரு போகம் 20 நிமிஷம். அன்றியும், குதிரைவாலி தன் குணத்தைத் தன் விதைக்கு மட்டுமே கொடுக்கும். கிருமியோ தன்னருகிலுள்ள வேறு ஜாதிக் கிருமிக்கும் அக்குணத்தைக் கைமாற்றிக் கொடுக்க வல்லது. பல மருந்துகளைத் தாங்கும் குணங்கள் ஒரே மூட்டையாகக் கட்டிக் கைமாறுவதும் உண்டு.

இந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கை செய்யாமல் யாரும் மருந்தைக் கையில் கொடுத்துவிடவில்லை. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோது செய்த பிரசங்கத்திலேயே, கடையில் வாங்கித் தம் இஷ்டப்படி குறைந்த அளவில் உட்கொள்பவர்களால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று கூறியிருக்கிறார். ஸ்ட்ரெப்டோமைசினை 1947இல் பிரிட்டனில் க்ஷயரோகிகளுக்குக் கொடுத்துப் பரீக்ஷித்தபோது, 6 மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். மருந்தின் மகிமை வெளிப்படை. ஆனால் மருந்து பெற்றவர்களுள் பெரும்பாலோருடைய கிருமி சில மாதங்களிலேயே அதற்கு அடங்காததாக மாறியிருந்ததும் அப்பரீக்ஷையிலேயே தெரியவந்தது. ஒரு மருந்தைத் தனியே கொடுத்ததன் விளைவு அது. பின்னர் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை ஏற்பட்டது. ஒன்றுக்குத் தப்பும் கிருமியை மற்றது மடக்கும். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஆரம்பிக்கப்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார், ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றொரு பிரிவாரை அவரவர் வீட்டிலும் வைத்து, இவ்விதம் இரட்டை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் க்ஷயரோக வைத்தியத்தையே மாற்றியது. அதற்கு ஆதாரமாயிருந்தது, மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று விடாமல் கவனித்த ஏற்பாடேயாகும்.

இனி ஆஸ்பத்திரியில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நமது கிராமத்தார் ஆஸ்பத்திரியில் கோபங்கொள்ளும் சந்தர்ப்பங்களுள் பாதி, அங்குள்ள ஒழுங்கை அறியாமையால் உண்டாகின்றன. கடுங்காய்ச்சலோடு ஒருவரைக் கொண்டு போனால், நல்ல ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுமுன் இரத்தம் எடுக்கிறார்கள். 'மருந்து போடாமல் இரத்தத்தை உறிஞ்சுகிறார்களே' என்று உறவினர் முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். மருந்து உள்ளே போன பின்பு எடுத்தால் கிருமி வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அறிய வழியில்லாமற் போகும். மண் பரிசோதனைக்கு, உரம் போடுமுன் மண் எடுக்கச் சொல்கிறோமே, அதே நியாயம். கிருமியை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று தினங்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் நோயாளி தாங்கமாட்டாராகையால், அந்த ஆஸ்பத்திரியில் முன் வருஷங்களில் எந்தக் கிருமி எம்மருந்துக்கு அடங்கியது என்று எழுதி வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து, முதலில் ஒரு மருந்து கொடுக்கிறார்கள். பரிசோதனை முடிவு வந்ததும், பல கிருமிகளைத் தாக்கும் பெரிய மருந்தை நிறுத்தி, அந்த ஒரு கிருமியை மட்டும் தாக்கும் சிறிய மருந்துக்கு மாற்றுகிறார்கள். ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுக்கிறார்கள். கிருமியே இல்லையென்று தெரிந்தால் மருந்தையே நிறுத்துகிறார்கள். இது வைத்தியத்தைக் குறைப்பதன்று, வைத்தியத்தைச் செம்மைப்படுத்துவதாகும். 'விலையுயர்ந்த ஊசியை நிறுத்திவிட்டார்கள், நம்மைக் கைவிட்டார்கள்' என்று எண்ணுவது தவறு.

இவ்வொழுங்கைக் கண்காணிக்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர், கிருமி பரிசோதகர், மருந்தாளுநர் ஆகியோர் சேர்ந்த ஒரு குழு இருக்கும். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்துகளை அக்குழுவின் அனுமதியின்றி வார்டில் கொடுக்கக் கூடாது என்று விதி செய்வார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2017 முதல் இம்மருந்துகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறது. அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்றவை தாராளமாகக் கிடைக்க வேண்டியவை. அஸித்ரோமைசின், செஃப்ட்ரியாக்ஸோன், மெரோபெனம் போன்றவை கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை. கோலிஸ்டின், லினிஸோலிட் போன்றவை சேமநிதி போலப் பூட்டி வைக்க வேண்டியவை. சாதாரண ஜலதோஷத்துக்குக் கடையிலிருந்து மூன்று மாத்திரை அஸித்ரோமைசின் வாங்கி விழுங்குகிறவர், தாம் இரண்டாவது வகுப்பு மருந்தை வீணாக்கியதை அறியார். அறுவைச் சிகிச்சையிலும், கத்தி வைப்பதற்கு முன் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வேளை மருந்து கொடுத்தால் பெரும்பாலான அறுவைகளுக்குப் போதுமானது. புண் ஆறும் வரை நாள்தோறும் ஊசி போட வேண்டுமென்று கேட்பது உதவாது. இவையனைத்துக்கும் மேலாக, ஒரு நோயாளியைத் தொட்ட கையை மற்றொருவரைத் தொடுமுன் கழுவுவதே பெரிய காவல். படுக்கையைச் சுற்றிக் கூட்டமாக உட்காரும் உறவினருக்கும் இது பொருந்தும். கிராமத்திலிருந்து வண்டி நிறைய ஆள் சென்று பார்ப்பது பாசத்தின் அறிகுறியே. ஆனால் கிருமியும் அவ்வண்டியிலேயே ஏறி ஊர் வந்து சேரும்.

நமது கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் இவ்விஷயத்தில் முக்கிய இடம் வகிப்பதாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தேசமெங்கும் கணக்கெடுக்க ஏற்படுத்திய வலையமைப்பின் தொடக்க கால நடு நிலையங்களுள் ஜிப்மரும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அடங்கும். சென்னைக்கும் இதில் ஒரு சரித்திரம் உண்டு. கார்பபெனம் என்னும் உயர்ந்த மருந்துகளைச் சிதைத்துவிடும் சக்தி பெற்ற கிருமிகளைப் பற்றி 2010இல் லான்ஸெட் இன்ஃபெக்ஷியஸ் டிஸீஸஸ் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அச்சக்திக்கு டில்லி நகரின் பெயரைச் சூட்டியது நம் தேசத்தில் பெரிய வருத்தத்தை உண்டாக்கியது. அவ்வருத்தம் நியாயமே என்று நானும் கருதுகிறேன். எனினும் பெயரைப் பற்றிய சச்சரவில் விஷயம் சில காலம் மறைந்து போயிற்று. மறுவருஷம் வெளியான ஆய்வொன்றின்படி, டில்லியில் தெருவோரத் தேங்கு நீர் 171 இடங்களிலும், குழாய் நீர் 50 இடங்களிலும் எடுத்துப் பரிசோதித்ததில், முந்தியதில் 51லும் பிந்தியதில் 2லும் அச்சக்தியின் வித்து காணப்பட்டது. ஆஸ்பத்திரிக்குள் பிறந்தது அங்கேயே தங்குவதில்லை என்பதற்கு இது சான்று. சங்கராபரணியிலும், பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியிலும் நீர் பாய்ச்சுகிற நாம் இதைக் கவனியாதிருக்கலாகாது.

2012 ஆகஸ்டு மாதம் 24ஆம் தேதி இந்தியாவின் பல வைத்திய சங்கத்தார் சென்னையில் கூடிச் செய்த தீர்மானம் சென்னைப் பிரகடனம் என்று வழங்குகிறது. அதில் என் மனத்தைக் கவர்ந்தது அதன் நிதானம். சீட்டில்லாமல் மருந்து விற்பதை ஒரே நாளில் எங்கும் தடுத்துவிட்டால், டாக்டர் இல்லாத கிராமத்தில் நிமோனியா கண்ட குழந்தைக்கு மருந்தே கிடைக்காது. ஆதலால் உயர்ந்த மருந்துகளை முதலில் கட்டுப்படுத்திப் படிப்படியாகச் செல்வோம் என்றார்கள். முழு விதியைச் சட்டமாக்கிவிட்டு ஒருவரும் அநுசரியாமல் விடுவதைக் காட்டிலும் இது மேல். 2014 மார்ச்சு 1ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த எச்-1 அட்டவணைப்படி, தொடக்கத்தில் 46ஆக இருந்த அவ்வட்டவணை மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதிக் கொடுத்த டாக்டரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் புத்தகத்தில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டின்றி அதை வாங்கக் கூடாது என்பது பொருள். எழுத்தறியாதவரும் கோட்டை அறிவர். இதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் கூட்டங்களில் ஒரு அட்டையைக் காட்டியே விளக்கலாம். 2019ஆம் ஒரு வருஷத்தில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளாலேயே உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எனது சிற்றப்பா ஒருவர் விவரத்தை இங்கு எழுதுவது பொருந்தும். நீரிழிவுடையவர். சம்பா நடவுக்குச் சேறடிக்கும்போது காலில் கண்ணாடிச் சில்லு குத்தியது. கடையில் ஒரு மாத்திரை வாங்கி இரண்டு நாள் உண்டார். வலி குறைந்ததும் நிறுத்தினார். மறுபடி வீங்கியது, வேறு மாத்திரை மூன்று நாள். இப்படி ஐந்து வாரத்தில் நான்கு வகை மருந்து. சொல்ல வெட்கமாயிருக்கிறது, அவற்றுள் ஒன்றை வாங்கிக் கொடுத்தவன் நானே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, புண்ணிலிருந்து எடுத்த கிருமி, பட்டியலிலிருந்த 14 மருந்துகளில் 2க்கு மட்டுமே அடங்கிற்று. அவ்விரண்டில் ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. மூன்று வாரம் அங்கிருந்தார். இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது.

நம் தொழிலுக்கு இந்த மருந்துகள் உண்மையாகவே தேவைப்படும் வேளைகள் உண்டு. சேற்றிலும் எலிமூத்திரம் கலந்த நீரிலும் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். புதர்களிலும் வரப்போரத்து உயர்ந்த புல்லிலும் உள்ள சிறு உண்ணிப்பூச்சி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் வரும்; மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் புதுவைப் பக்கத்தில் இதைக் காண்கிறார்கள். கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு ஆகிய மறைவிடங்களில், வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று சிலருக்குக் காணும். கூச்சத்தால் இதைக் காட்டாமல் விடுபவர் அநேகர். இவ்விரண்டுக்கும் விலை மலிவான டாக்ஸிசைக்ளின் நல்ல மருந்து. காலத்தில் கொடுத்தால் உயிர் பிழைக்கும், தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடும். ஆகையால் காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்பவர், தாம் வயலில் வேலை செய்பவர் என்பதையும், எலி மிகுந்த வயலா, புதர் வெட்டினாரா என்பதையும் டாக்டரிடம் தாமே சொல்ல வேண்டும். டெங்குவும், சாதாரண ஜலதோஷமும், இன்ஃப்ளுயன்ஸாவும் வேறு இனம். அவற்றுக்கு ஆன்டிபயாடிக் ஒரு பயனும் செய்யாது. 'ஒரு ஊசியாவது போடுங்கள்' என்று டாக்டரை நெருக்குவதை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் உண்பது என்பது நோய்க்கு நோய் வேறுபடும். டாக்டர் சொன்ன நாளுக்கு முன் நிறுத்துவதும், மீந்ததை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பதும் ஆகா.

இனி வயல். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூள் ஹெக்டேருக்கு 300 கிராமும், காப்பர் ஆக்ஸிகுளோரைடு 1¼ கிலோவும் தெளிக்கும்படி நாங்களே பல வருஷம் சொல்லி வந்தோம். க்ஷயரோகியின் மருந்தை ஏக்கர் கணக்கில் வயலில் தெளித்தது சரியன்று என்று இன்று அறிகிறோம். 2021 டிசம்பரில் மத்திய விவசாய அமைச்சகம் இவ்விரண்டையும் பயிர்த்தொழிலிலிருந்து விலக்கும் நோக்கத்தோடு அறிக்கை வெளியிட்டது. பழைய பொட்டலம் பரணில் இருந்தால் அதைத் தெளிக்க வேண்டாம். வாய்க்காலிலும் கொட்ட வேண்டாம். உழவர் உதவியகத்தில் கேட்டு அதன்படி செய்க. இலைக்கருகலுக்கு முதல் காரணம் தழைச்சத்தை ஒரே தடவையில் அள்ளிப் போடுவதாகும். அதைப் பிரித்து இடுக. நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவது நோய்க்கு வாசலைத் திறந்து விடுவதாகும். நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடக்கூடாது. நோய் தலைகாட்டியதும் புதுச் சாணத்தை 20 சதவிகித அளவில் நீரில் கரைத்து வடிகட்டித் தெளித்து, 15 நாள் கழித்து மறுபடியும் தெளிக்கலாம். இதை ஏளனம் செய்பவர்களும் உண்டு. தழைச்சத்தை அடக்காமல் சாணக்கரைசலை மட்டும் நம்பினால் அவர்கள் ஏளனம் பலித்துவிடும்.

மாடுகளைப் பற்றி. மடிவீக்கத்துக்குக் காம்பில் ஏற்றும் குழாய் மருந்தும் இவ்வினத்ததே. தாமே வாங்கி ஒன்றிரண்டு ஏற்றிவிட்டு நிறுத்துவது சிற்றப்பாவின் காலுக்குச் செய்தது போன்றது. கால்நடை மருத்துவரிடம் பாலைக் காட்டிப் பரிசோதித்த பின் ஏற்றுக. கொட்டில் தரை உலர்ந்திருப்பதும், கறக்குமுன் மடியைக் கழுவித் துடைப்பதும், கறந்தபின் காம்பை மருந்து நீரில் நனைப்பதும், நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறப்பதும் நோயைப் பெரிதும் தடுக்கும். மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, மருத்துவர் குறிக்கும் நாள் முடியும் வரை சங்கத்துக்கு ஊற்றலாகாது. அப்பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமற் போவதைப் பெண்கள் பார்த்திருப்பார்கள்; மருந்து உறைக்கிருமியைக் கொன்றுவிடுவதே காரணம். கோழிப் பண்ணைக்காரர்கள் குஞ்சு விரைவில் பெருக்கத் தீவனத்தில் கலந்து வந்த கோலிஸ்டின், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு 2019 ஜூலை முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. முற்கூறிய சேமநிதி வகுப்பைச் சேர்ந்தது அது. என் சிற்றப்பாவுக்கு அடங்கிய இரண்டில் ஒன்றும் அதுவே.

அவர் ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கொடுத்த பரிசோதனைச் சீட்டில் எந்த மருந்து பயன்படும், எது பயன்படாது என்று எழுதியிருக்கிறது. அடுத்த முறை எந்த டாக்டரிடம் சென்றாலும் அதை முதலில் நீட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். இத்தகைய சீட்டுகளை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கலாம். அவர் அதைப் பட்டாவும் கிஸ்து ரசீதும் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.